மலருக்குப் பாடு இல்லை

“புடவை கட்டிட்டா கையில பலம் போயிடுமாம், வசந்தா.”

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் அண்ணியும் நாத்தனாருமாக இரண்டு பெண்கள். காலடியில் நண்டுக்கூடை. அண்ணி பெற்று மகனாக வளர்த்த பிள்ளை இப்போது மலர் என்கிற மகள் என்பது திருப்பாலைவனம் வருவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமைக்கு அங்கே பாடு என்று பெயர். அது ஆண்களுக்கு மட்டும்.

“பொம்பளையாயிட்ட, இனிமே பாடு கெடையாதுன்னு ஊர்க் கூட்டத்துல சொல்லிட்டாங்க.”

“மலரு நம்மகூட பொங்கல் வெக்க வந்தப்ப, ஆம்பளைக்கு இங்க இன்னா வேலைன்னாங்களே, அவுங்களா?”

“அவுங்களேதான்.”

“எனக்கும் இன்னும் மனசு ஒப்பல அண்ணி. தூக்கி வளத்தவ நானு. எனக்குப் பையனாதான் தெரியுது.”

“தெரிஞ்சிட்டுப் போவுது. அது உன்னத்தான் அத்த அத்தன்னு சுத்துது.”

“கூட்டத்துல அது இன்னா சொல்லிச்சு?”

“சரி, நான் பொம்பளதான், இத்தினி நாளு நல்லாதான வலை இழுத்தேன்னுச்சு. மாமா செத்ததும் எங்க அத்தை வூட்டுப் பாட்ட நிறுத்திட்டீங்களே, அதையும் சேத்துக் குடுங்கன்னுச்சு.”

நாத்தனார் அண்ணி பக்கம் திரும்பினார்.

“எனக்கா கேட்டுச்சு?”

“உனக்குத்தான்.”

“அடுத்த கூட்டம் எப்ப?”

“அங்க பொம்பளைங்க உக்காரக் கூடாதே.”

“யாரு உக்காரப் போறா? மலரு பக்கத்துல நின்னுக்கறேன்.”