உங்க அவசரம் வரும்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சாயாவைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் அவதூறு, சார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். கழக்கூட்டம் ஏரியாவில் எங்கள் ஆபீஸ் இயந்திரம் துப்பும் சுடுதண்ணீரை வருஷக்கணக்காகக் குடித்தவனுக்கு இது பிரசாதம். நீங்கள் நாகர்கோவில்காரர் என்பதால் தமிழிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. இதை மலையாளத்தில் எழுதினால் ஒரு வார்த்தை கெட்டுப்போகும்.

முதலில் ஷிபுவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கம்பெனி அவனுடையது, ஆஸ்பத்திரிக்குப் போன அப்டேட்டில் கையெழுத்தும் அவனுடையது. ஆனால் நான் கொடுத்த எதையும் அவன் படித்ததே இல்லை. "சாமி எழுதினதல்லே, பின்ன நான் எதுக்கு வாசிக்கணும்?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போண்டா தின்னப் போய்விடுவான். சாமி என்று அவன் கூப்பிடுவது என்னைத்தான். அவனுக்குச் சர்க்கரை உண்டு. அனுப்பும்வரை லாக்கப்பில் வேளைக்குச் சாப்பாடு கொடுங்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது வலியசாலையில் எங்கள் தெருவில் யாருக்கும் புரிந்ததில்லை. என் மனைவி அனந்தலக்ஷ்மி, கேட்பவர்களிடம், "கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல தூது போறார்" என்று முடித்துவிடுவாள். அதைவிடத் தெளிவாக நானும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி கவுண்டரில் இருப்பவர் ஒன்று கேட்கிறார். பதில் டேட்டாபேஸில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நான் எழுதிய பிராக்ஸி. கோயிலில் கதாயுதத்தோடு வாசலில் நிற்பவர் பெயரையே அதற்கு வைத்தேன்: துவாரபாலகன். ஒரே வித்தியாசம், கோயிலில் அவரைத் தாண்டி சாமியைப் பார்க்கலாம். இங்கே முடியாது. துவாரபாலகன் சொன்னால் சாமி சொன்ன மாதிரி.

இரண்டாம் பதிப்பில் அதற்கு நான் ஞாபகசக்தி கொடுத்தேன். கேட்ட கேள்வியையே சிறிது நேரத்துக்குள் திரும்பக் கேட்டால் டேட்டாபேஸைத் தொந்தரவு செய்யாது. முன்பு கிடைத்த பதிலையே எடுத்து நீட்டும். நகரத்தின் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்று அதன் வேகத்தைப் பார்த்து அசந்துபோய் வாங்கிக்கொண்டது. ஷிபு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான். ஒரு சில்லு என் நெற்றியில் பட்டது. ராசி என்றான்.

அதே ஆஸ்பத்திரியில்தான் அனந்தலக்ஷ்மியைப் பிரசவத்துக்குச் சேர்த்தேன். என் மூக்கு மட்டும் குழந்தைக்கு வரக்கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையார் அதைக் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. குழந்தைக்கு என் மூக்கு வரவில்லை, மூச்சும் வரவில்லை. அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. "ஏன்னா, கால் ஜில்லுனு இருக்கு. போர்வையைச் செத்த இழுத்து விடுங்கோ" என்றாள். இழுத்துவிட்டு ரத்த வங்கிக் கவுண்டருக்கு ஓடினேன்.

அங்கே இருந்தவள் பொன்செல்வி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடமும் கவுண்டரும் மலையாளம்.

"பி நெகட்டிவ் ஒரு பாட்டில். அவசரம்" என்றேன்.

தட்டிப் பார்த்தாள். "இல்லன்னு காட்டுது சாரே. வெளியேருந்து வண்டி வந்துட்டு இருக்கு."

கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்தேன். திரும்பவும் ஓடினேன். அவள் திரும்பவும் தட்டினாள். "இல்ல சாரே." சிஸ்டத்திலிருந்து சீட்டு வராமல் குளிர்பெட்டியைத் திறக்கக்கூடாது என்பது அங்கே சட்டம்.

"அம்மா, அவசரம். அவசரம்னா புரியறதா?"

அவள் சிரித்தாள். "ஒங்க அவசரம் வரும் சாரே. அங்க இருங்க, கேட்டோ."

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. வரிசையில் நிற்பவனுக்கு அவன் முறை. உங்கள் முறை வரும், உட்காருங்கள் என்றுதான் அவள் ஆறுதலாகச் சொன்னாள். எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊரில் பிறந்தவன்தான். ஆனால் என் மனைவி குளிர்ந்துகொண்டிருந்தாள், இவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்தேன், சார். சொன்னால் கேட்கிற சுபாவம் எனக்கு. நான் எழுந்தபோது பாட்டில் தேவைப்படவில்லை.

பிறகு மூன்றாம் பதிப்பு. நீங்கள் விசாரிக்கிற அப்டேட் அதுதான். அதில் முக்கியமான புதுமை, கேட்பவர் யார் என்று பார்த்துப் பதில் சொல்வது. யாருக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று விதி எழுதலாம். ஆஸ்பத்திரிக்கு மிகவும் தேவையான வசதி. எந்த நோயாளியின் ரகசியமும் வெளியே போகாது. விதி வேலை செய்த உடனே பொறுப்பாளரின் செல்போனுக்குச் செய்தி போகும் ஏற்பாடும் உண்டு. ஷிபு அதை மட்டும் ரொம்பப் பாராட்டினான். விதிகள் ஏராளம் எழுதினேன், எல்லாம் நேர்மையானவை. ஒன்றை மட்டும் என் திருப்திக்காகச் சேர்த்தேன். அங்கே வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு அவர்களுடைய ஊழியர் எண்ணில்தான் வைத்தியம் பதிவாகும். பொன்செல்வியின் எண்ணில் யாருக்காவது ரத்தம் கேட்டால், எந்த வகையானாலும், இல்லை என்று சொல். அவ்வளவுதான்.

ஒருவேளை அந்த எண்ணில் யாருக்கும் ரத்தமே வேண்டியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. நான் கோழிக்கறிக் கடையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்கிற ஆள், சார். ஒரு தடவை அப்படி மூடி சைக்கிளில் மோதியிருக்கிறேன்.

மழைக்காலம் முடிந்து எங்கள் ஆபீசுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் சாரம் சரிந்தது. விழுந்த கொத்தனாரை ஜீப்பில் ஏற்றியதை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். ஐயோ பாவம் என்றேன். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. விதி வேலை செய்திருந்தது. அவன் செல்வமணி, பொன்செல்வியின் புருஷன்.

அந்த விதியை அழிக்க ஒரு வரி போதும். நான் கையைக் கழுவிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவள் கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவளுடைய தோழி தட்டித் தட்டிப் பார்த்தாள். ஓ பாசிட்டிவ், தெருவில் போகிறவனிடம்கூட இருக்கும். இல்லை என்றது. கூட வேலை பார்த்தவர்கள் சிமெண்டு படிந்த கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எடுத்துச் சோதித்து ஏற்ற நேரம் ஆகும் என்றார்கள். பொன்செல்வி அதுவரை மலையாளத்தில்தான் கெஞ்சிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுடைய வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. என் சட்டையையும் டையையும் பார்த்து ஆஸ்பத்திரி அதிகாரி என்று நினைத்தாள் போல. என் கையைப் பிடித்தாள்.

"சார், ஒரு வார்த்த சொல்லுங்க சார். அவசரம் சார், அவசரம். ரெண்டு புள்ளைய இருக்கு சார்."

நான் சொன்னேன்: "உங்க அவசரம் வரும். அங்க இருங்க."

அவளுக்கு என்னை ஞாபகம் இல்லை. கொஞ்சமும் இல்லை. என் முகத்தையே பார்த்தாள், தலையை ஆட்டினாள், அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்த நாள் முழுவதிலும் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். நான் மறக்காத முகம் என்னை மறந்திருந்தது. அவளை உலுக்கிச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு யார் அழுவதையும் பார்க்க முடியாது. வெளியே வந்து நின்றுகொண்டேன்.

மறுநாள், செல்வமணிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் நேசமணி குளிர்பெட்டியில் ஓ பாசிட்டிவ் பாட்டில்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்துக் கத்தியதால்தான் நீங்கள் வந்தீர்கள். செல்வமணியைக் கொன்றது நான். விழுந்தவனைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் உண்மை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். எல்லோரும் புகழ்ந்த அந்த ஞாபகசக்தியை மூன்றாம் பதிப்பில் ஏன் எடுத்துவிட்டேன் என்று. உங்கள் கம்ப்யூட்டர்காரர் கெட்டிக்காரர்.

அனந்தலக்ஷ்மிக்குப் பத்தாம் நாள் காரியம் முடிந்து ஆபீஸ் போன அன்று, அவளுக்காகக் கேட்ட கேள்விகள் எப்படிப் போய் வந்தன என்று பார்த்தேன். பொன்செல்வி இரண்டாவது முறை தட்டியபோது பி நெகட்டிவ் பாட்டில் குளிர்பெட்டிக்குள் வந்துவிட்டது. டேட்டாபேஸுக்கு அது தெரியும். அவள் கேள்வி அங்கே போகவே இல்லை. வாசலில் நின்ற துவாரபாலகன் பழைய 'இல்லை'யையே எடுத்து நீட்டியிருக்கிறான். உடனே மூன்றாம் பதிப்பில் அதைத் திருத்தினேன், பார்த்த தடயத்தையும் அழித்தேன். மாற்றங்களில் அது மிகச் சின்னது, சார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவள் மட்டும் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால், நான் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போயிருக்கும். நல்லவேளை, சிரித்தாள்.