கழுத்தைப் பிடித்து இழுத்த பாட்டில்

மேலே பெயர், வயது, விலாசம் குறிக்கப்பட்டுள்ள நான், குழந்தைகளுக்கான இருமல் மருந்து அடைக்கும் ஆலையில் பாட்டில் பார்க்கும் வேலை செய்கிறேன். கையில் காயம்பட்ட மேற்பார்வையாளர் என் கூடப்பிறந்த அண்ணன். அவரை உடைந்த பாட்டிலால் குத்தியதாகச் சொல்லப்படும் பெண், எனக்கு எதிரே உட்கார்ந்து அதே வேலை செய்பவர்.

காலி பாட்டில்கள் பெல்ட்டில் வரும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, கீறல் உள்ளதை எடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு இயந்திரக் கையும் உண்டு. அது தட்டினால் கீறல் பாட்டில் சிதறி, பக்கத்துப் பாட்டில்களுக்குள் கண்ணாடிச் சில்லு விழும் என்பதால் நாங்கள் கையால்தான் எடுப்போம். கழுத்தைப் பிடிக்கக் கூடாது. அடியில் விரல் கொடுத்து, தூங்கும் பிள்ளையை மடியிலிருந்து எடுப்பதுபோல் எடுக்க வேண்டும். அதில் அந்தப் பெண்ணை மிஞ்ச ஆளில்லை. பூட்டுக்கு வலிக்காமல் சாவி போடுகிறவர் என்று கேலி செய்து, அவரைப் 'பூங்கை' என்றே கூப்பிடுவோம்.

சம்பவத்தன்று அண்ணன் வந்து, நாங்கள் ஆமை மாதிரி வேலை செய்வதாகத் திட்டி, இயந்திரக் கையை ஓடவிட்டார். அது தட்டியதில் ஒரு கீறல் பாட்டில் சிதறியது. பூங்கை சிவப்புப் பொத்தானை அழுத்தி பெல்ட்டை நிறுத்தி, சுற்றியிருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்துக் கழிவுத் தொட்டியில் வைத்தார். நல்ல பாட்டிலை எதற்கு வீணாக்குகிறாய் என்று அண்ணன் சத்தம் போட்டார். அதன் பிறகு பூங்கையின் கையில் இருந்த ஒரு பாட்டிலைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார்.

"மெதுவா சார், அதுல கீறல் இருக்கு" என்றார் பூங்கை.

அண்ணன் காதில் வாங்கவில்லை. பாட்டில் அவர் உள்ளங்கையிலேயே உடைந்தது. பூங்கை அதற்குள் பிடியை விட்டிருந்தார். குத்தவில்லை. தன் தலைத்துணியை அவிழ்த்து அண்ணன் கையில் கட்டியதும் அவர்தான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் அண்ணன் என்னிடம், "அவதான் குத்தினான்னு சொல்லிடும்மா, இல்லன்னா என் வேலை போயிடும்" என்றார். அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவர் அவர். அவர்மேல் எனக்கு உயிர். ஆனால் அவர் மகளுக்கு இருமல் வந்தாலும் நாங்கள் கொடுப்பது இந்த மருந்துதான். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக, கட்டுப்போட்ட கையோடு அவர் வெளியே நிற்கிறார்.

நான் சொன்னதை எழுதிக்கொண்ட விசாரணை அலுவலர் அதைப் படித்துக் காட்டினார். பூங்கை 'மெதுவா' என்று சொன்னது விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். இப்போது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)