ரெண்டு வீட்டுக் கிணறு

இளையவள்: …அதான் கேக்கறேன்க்கா. உங்க வீட்ல டீ போட்டா வாடை வரலையா?

மூத்தவள்: என்ன வாடை?

இளையவள்: மருந்து வாடை. ஆஸ்பத்திரியில தரையத் தொடைச்சுட்டுப் போனா வருமே, அது.

மூத்தவள்: உன் டீயப் பத்தி என்கிட்ட கேக்காத. குடிச்சு அனுபவிச்சவ நான்.

இளையவள்: அக்கா! நான் கிணத்துத் தண்ணியச் சொல்றேன்.

மூத்தவள்: கிணறுன்னா… மழை பேஞ்சா ஒரு வாடை, வெயிலடிச்சா ஒரு வாடை. அந்த வாளிய இப்படித் தள்ளு.

இளையவள்: மழையில ப்ளீச்சிங் பவுடரா பெய்யுது?

மூத்தவள்: ப்ளீச்சிங் பவுடர்னு நான் சொன்னேனா?

இளையவள்: நீங்க சொல்லல. நான்தான்… சரி, விடுங்க.

மூத்தவள்: மெதுவாப் பேசு. உள்ள இவரு தூங்கறார்.

இளையவள்: பெரியவரா? அவர் தூங்கினா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரே.

மூத்தவள்: இடிக்கு எந்திரிக்க மாட்டார். தம்பி பேர் காதுல விழுந்தா எந்திரிச்சுடுவார்.

இளையவள்: எங்க வீட்லயும் அதே கதைதான். அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டா ரேடியோவ அணைச்சுட்டு உக்காந்திருப்பார். என்னன்னு கேட்டா, ‘பேட்டரி தீந்துடுச்சு’ம்பார்.

மூத்தவள்: வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பினாங்க, தோட்டத்துக்கு நடுவுல எழுப்பினாங்க. கிணத்துல மட்டும் முடியல பாரு.

இளையவள்: தண்ணியில சுவர் எப்படிக்கா நிக்கும்?

மூத்தவள்: நிக்காது. அதனாலதான இப்ப…

இளையவள்: இப்ப?

மூத்தவள்: ஒண்ணுமில்ல. துணியப் புழி.

இளையவள்: …ஆஸ்பத்திரியில உங்க பொண்ணு, நம்ம வாலு, எப்படியிருக்கா?

மூத்தவள்: கண்ணுல மஞ்சள் கொறஞ்சிடுச்சு. நேத்து ரெண்டு வாய் சேத்துச் சாப்பிட்டா. பெத்த தாய வார்டன்னு கூப்பிடறா. வாலு வாலாத்தான் இருக்கு.

இளையவள்: காமாலை எதனால வந்துச்சாம்?

மூத்தவள்: வெளிய கண்டதத் தின்னிருப்பா.

இளையவள்: அவளா? அவ வெளிய பச்சத் தண்ணி குடிக்க மாட்டாளே.

மூத்தவள்: வீட்ல குடிச்சாளே.

இளையவள்: …என்ன சொல்றீங்க?

மூத்தவள்: டாக்டரம்மா கேட்ட மொத கேள்வியே, தண்ணி எங்கேருந்துன்னுதான். எங்க சொந்தக் கிணறு, கண்ணாடி மாதிரி இருக்கும்னு பெருமையாச் சொன்னேன். ‘கிருமி கண்ணுக்குத் தெரியாதும்மா, ஒரு பாட்டில்ல புடிச்சு லேப்ல கொடுங்க’ன்னாங்க.

இளையவள்: கொடுத்தீங்களா?

மூத்தவள்: கொடுத்தேன்.

இளையவள்: என்ன இருந்துச்சு?

மூத்தவள்: வேணாம். கேட்டா உனக்குச் சோறு எறங்காது.

இளையவள்: சொல்லுங்கக்கா.

மூத்தவள்: மனுசக் கழிவு கலந்திருக்காம்.

இளையவள்: எங்க கக்கூஸ் குழி…

மூத்தவள்: நான் அப்படிச் சொல்லல.

இளையவள்: சொல்லித்தான் தெரியணுமா? குழி அங்க, கிணறு இங்க. நடுவுல ஒரு எருமை படுக்க எடம் கிடையாது. வெட்ட வந்த கொத்தனாரே தலையச் சொறிஞ்சார். ஆனா பாகம் பிரிச்சதுல எங்களுக்கு வந்த எடம் அவ்ளோதானேக்கா…

மூத்தவள்: தெரியும்டி. தோட்டத்துல முக்காவாசிய இந்தப் பக்கம் வச்சுக்கிட்டது யாருன்னும் தெரியும்.

இளையவள்: இவ்ளோ தெரிஞ்சும் எங்ககிட்ட ஒரு வார்த்த…

மூத்தவள்: உன்கிட்ட சொன்னா இவர் காதுக்கு வரும். ‘என் பொண்ணுக்கு விஷம் வச்சுட்டான்’னு கிளம்பிடுவார். நான் ஆஸ்பத்திரிலேருந்து பொண்ணக் கூட்டிட்டு வர்றதா, போலீஸ் ஸ்டேஷன்லேருந்து அண்ணன் தம்பியக் கூட்டிட்டு வர்றதா?

இளையவள்: அதனால நீங்களே சத்தமில்லாம பவுடர்…

மூத்தவள்: சாயங்காலம் அவர் வெளிய போனப்புறம். என்ன முறைக்கற? உன் புள்ளைங்களும் இதத்தானே குடிக்குதுங்க?

இளையவள்: …நானும்தான்க்கா.

மூத்தவள்: நீயும் என்ன?

இளையவள்: பவுடர் போடறேன். விடியக்காலைல.

மூத்தவள்: அடிப்பாவி! ரெண்டு பங்கா? அதான் என் கருப்புச் சேல சாம்பல் கலருக்கு வந்துடுச்சு! சாயம் போகுதுன்னு கடைக்காரன அந்த வாங்கு வாங்கிட்டு வந்தேனேடி!

இளையவள்: சிரிக்காதீங்க… ஐயோ, முழிச்சுக்கப் போறார்!

மூத்தவள்: சரி… சரி. நீ எப்படிப் போடற?

இளையவள்: எப்படின்னா?

மூத்தவள்: தூளாவா, கரைச்சா?

இளையவள்: தூளா… இல்ல, கரைச்சுத்தான். வாளியில.

மூத்தவள்: அடியில நிக்கற சுண்ணாம்ப என்ன பண்ணுவ?

இளையவள்: சுண்ணாம்பா? அது… அதையும் சேத்து…

மூத்தவள்: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நீ போடல. தம்பியா?

இளையவள்: வாலு ஆஸ்பத்திரியில படுத்தன்னிக்கு வந்து சுவத்தப் பாத்து உக்காந்துட்டார்க்கா. ‘நம்ம குழிதான், வேற எதுவும் இல்ல, அண்ணன் பொண்ண நான்தான் படுக்க வச்சுட்டேன்’னு அழுதார். யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டார். மறுநாளே பவுடரோட வந்து நின்னார்.

மூத்தவள்: பைத்தியக்காரன்.

இளையவள்: வாடை அளவுக்கு மீறிப் போச்சு. நீங்களும் போடறீங்களோன்னு தோணுச்சு. அதான் இன்னிக்கு உங்க வாயக் கிண்டிப் பாத்தேன்.

மூத்தவள்: நல்லாக் கிண்டின. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. பவுடர் கிருமியத்தான் கொல்லும், குழி கசியறத நிறுத்தாது. நாம எல்லாரும் தும்ப விட்டுட்டு வாலப் புடிச்சுக்கிட்டிருக்கோம். நீ தண்ணியக் கொதிக்க வைக்கறியா?

இளையவள்: வைக்கறேன். புள்ளைங்களுக்கு.

மூத்தவள்: உங்க ரெண்டு பேருக்கு மட்டும் என்ன, இரும்புக் குடலா? எல்லாருக்கும் வை. தளதளன்னு கொதிக்கட்டும். பவுடர நம்பி விட்டுடாத. அந்தக் குழிய மூடிட்டு, தள்ளி வேற வெட்டணும்.

இளையவள்: எங்க வெட்டறது? எங்க பக்கம் துணி காயப்போடவே எடமில்ல.

மூத்தவள்: எங்க தோட்டத்துக் கோடியில இருக்கு. கிணத்துலேருந்து நல்ல தூரம். பள்ளமான எடமும்கூட, இந்தப் பக்கம் எதுவும் திரும்பாது.

இளையவள்: பெரியவர் குடுப்பாரா? சுவர் எழுப்பினப்ப ஒரு முழத்துக்கு அந்தச் சண்ட போட்டாரே.

மூத்தவள்: கேட்டுப் பாக்கணும். நல்ல நேரமாப் பாத்து, மெல்ல… குழின்னு சொல்லாம வேற ஏதாவது சொல்லி…

பெரியவர்: எத்தன முழம் வேணும்?

மூத்தவள்: ஐயோ! நீங்க தூங்கலையா?

பெரியவர்: ஜன்னலுக்குக் கீழ உக்காந்து ரெண்டு பேரும் மாநாடு நடத்துங்க. நான் தூங்கறேன்.

இளையவள்: பெரியவரே, அவர் வேணும்னு செய்யலங்க… அவர ஒண்ணும் சொல்லிடாதீங்க. குழிய எப்படியாவது நாங்களே…

மூத்தவள்: இருங்க, கோவப்படாதீங்க. நான் முழுசாச் சொல்லிடறேன்…

பெரியவர்: நீ என்னத்தச் சொல்லப் போற? நீ சாயங்காலம் போடறது நான் திரும்பி வந்ததும் வாடையிலயே தெரியும், அவன் விடியக்காலைல பூனை மாதிரி வர்றதும் தெரியும். அவன தெனம் இந்த ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். மூக்குல ஒரு துணி கட்டத் தெரியல மடப்பயலுக்கு. தூள அப்படியே கொட்டிட்டு, வெளிய கேக்கக் கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு இருமறான். டேய்னு கூப்பிடலாம்னு தெனம் தொண்டை வரைக்கும் வரும்… அதோட நின்னுடும். …எந்த எடம்னு அவன் வந்து பாத்துக்கட்டும். இரும்மா, நீ போய்ச் சொல்லாத. என் சட்டைய எடு, நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்.