தறிக்குழிக்குப் பலகை போட்டவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கூலிக்கு நெய்து, ஒருத்தர் தயவும் இல்லாமல் சொந்தமாக, கால் விட்டு மிதிக்கும் குழியோடு ஆறு தறி போட்டேன், சேவூரில் மாடி வீடு கட்டினேன். அப்படிப்பட்ட எனக்கே ரத்தம் கொதித்தது, போன வாரம் ஆரணி டவுன் பஸ்ஸில்.

முன்சீட்டில் ஒரு நெசவாளியும் அவர் மனைவியும். அவள் மடியில், காலில் துணி சுற்றிய நாய்க்குட்டி முனகிக்கொண்டிருந்தது.

“குழியில கால வுடறதுக்கு முன்னாடி குனிஞ்சி பாக்க மாட்டியாய்யா?” என்றாள்.

“தறிக்குழியில நாய் தூங்கும்னு நான் கனவா கண்டேன்?”

“வெயிலுக்கு அதுதான் ஜில்லுனு இருக்குது, போய்ப் படுக்குது. சோறு துன்ன எழுந்துக்கும்போது பலகை போட்டு மூடுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? பாக்காம மிதிக்கட்டைய மிதிச்சி, பச்ச மண்ணு கால நசுக்கிட்டியே!”

“கத்தாதமே. டாக்டரு கட்டு போடுவாரு.”

“பலகை போடாம நீ தறியில உக்காந்தா, நானே பாவு நூல அறுத்துடுவேன்!”

“போடறேன்மே. குழிக்குப் பலகை போடறதே எங்க மாமன் கண்டுபுடிச்சதுதான்.”

“உங்க மாமனா? அந்தாளு எழுந்து தண்ணி மொண்டு குடிக்க மாட்டாரு!”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வலியில் முனகும் குட்டிக்கு முன்னால் என் பெருமை எதற்கு? ஆனால் சேவூரில் முதன்முதலில் தறிக்குழியைப் பலகையால் மூடியவன் நான்தான், என் மகள் தவழ ஆரம்பித்த அன்றைக்கு. பார்த்துவிட்டுச் சிரித்தவர்கள்தான் பிறகு தங்கள் வீட்டிலும் போட்டார்கள். இனிமேல் பலகை போடுகிறவர்கள் எந்த மாமன் பேரையும் சொல்ல வேண்டாம், என் பேரைச் சொல்லுங்கள்.