மாமனார் பேரில் ஒரு பூஞ்சை

— பரண்ல இல்ல. கட்டிலுக்கு அடியிலயும் இல்ல. உங்க அப்பாவோட இடது கால் ஷூவை எங்கதான் வச்சே?

— ஏங்க, காலங்காத்தால எங்க அப்பா ஷூ எதுக்கு உங்களுக்கு?

— மெதுவா பேசு... மாமா பக்கத்து ரூம்லதான் இருக்கார்.

— அவருக்கு எங்க காது கேக்குது? கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகிட்டிருக்கார். "என் பேர் தாங்கிய பூஞ்சையே"ன்னு ஆரம்பிக்குது பேச்சு.

— அதான் பிரச்சினையே. புதுசுன்னு சொல்லி நான் மாமா பேர் வச்ச பூஞ்சையைச் சோதிக்க நாளைக்கு வர்ற நிபுணர், அதை முளைச்ச இடத்துலயே பார்க்கணுமாம்.

— காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மரப்பட்டையிலதானே எடுத்தீங்க?

— உங்க அப்பா ஷூவுல பூத்திருந்துச்சு. அதைத்தான் சுரண்டி எடுத்துட்டுப் போனேன்.

— அப்போ காட்டுக்குப் போறேன்னு ஒரு வாரம் போனது?

— சிநேகிதன் வீட்ல தூங்கினேன்.

— நல்லா இருக்கே! சரி, ஆய்வகத்துல தட்டுத் தட்டா வளர்த்து வச்சிருக்கீங்களே, அதைக் காட்டுங்க.

— தட்டுல வளர்ந்தா நாலாவது சுவர் வரமாட்டேங்குதே.

— அதென்ன சுவரு, வீடு கட்டுற மாதிரி?

— வீடேதான். பூஞ்சை பரவுற பொடி இருக்கே, அதுல ஒவ்வொரு வித்தைச் சுத்தியும் சுவர் உண்டு. இளசுல மெல்லிசா ஒண்ணு. முத்த முத்த, உள்பக்கமா இன்னும் ரெண்டு. இந்தச் சாதி அதோட நின்னுடும். மாமா பூஞ்சைக்கு மட்டும் வெளியில நாலாவதா ஒண்ணு. கன்னங்கரேல்னு, வழவழன்னு...

— கருப்பாவா?

— பளபளப்பு வேற. கட்டி முடிச்ச வீட்டுக்கு யாரோ வந்து பூசிட்டுப் போன மாதிரி.

— யா... யாரோன்னா?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஏன் உனக்கு இப்படி வேர்க்குது?

— அடுப்புச் சூடு.

— அடுப்பு இன்னும் பத்தவே வைக்கலியே.

— அந்தச் சுவர் இல்லேன்னா என்னங்க ஆகும்?

— அது சாதாரணப் பூஞ்சை. மாமா பேரை எடுத்துடுவாங்க. என்னையும் வேலைய விட்டு எடுத்துடுவாங்க.

— ஐயையோ! அவர் தெருவுல ஒரு வீடு விடாம சொல்லி வச்சிருக்கார். காய்கறிக்காரர்கிட்ட வித்தோட படத்தைக் காட்டி, "என் சாடை தெரியுதா"ன்னு கேட்கிறார்.

— அதுக்குத்தான் கேட்கிறேன், ஷூ எங்க?

— தலையணை உறைக்குள்ள. மறுபடியும் பூத்துருச்சு, அப்பா கண்ணுல படக்கூடாதேன்னு... ஏங்க, திட்டமாட்டீங்களே? போன தடவை அப்பா திடீர்னு ஷூ கேட்டு வந்து நின்னப்போ, கழுவ நேரமில்ல. பூஞ்சை மேலயே கருப்பு பாலிஷை அப்பிட்டேன். நீங்க சுரண்டினது... அதுக்கப்புறம் போல.

— அது பாலிஷ்தான்னு எனக்குப் போன மாசமே தெரியும்மா.

— தெரிஞ்சுக்கிட்டே ஷூவை எதுக்குத் தேடுறீங்க?

— மறுபடியும் பூத்திருக்குன்னியே, நல்லதாப் போச்சு. மாமா குளிக்கப் போனதும் அந்த பாலிஷ் டப்பாவை எடு... தட்டுல வளர்ந்ததுல நானும் பத்து தடவை பூசிப் பார்த்துட்டேன், உன் கைப்பக்குவம் எனக்கு வரல.