தயிர் சேர்க்கக் கூடாது

தயிர் இல்லாமல் எனக்கு ஒரு வேளைச் சோறுகூட இறங்காது. ஐயங்கார் வீட்டுப் பழக்கம். பெங்களூருக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் மாறவில்லை. தயிர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது என்பதை இந்த வாக்குமூலத்தில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொம்மசந்திராவில் கோவிந்தப்பாவின் மூலிகை மாத்திரைக் கம்பெனியில் குறை கேட்கும் வேலை எனக்கு. மூட்டுவலிக்கு ஒரே மாத்திரை, பச்சை டப்பா. என் மேஜையில் ஒரு டெலிபோன். டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாளை எழுதுவதும் நான்தான். தொண்ணூற்றாறில் அந்தத் தாளில் ஒரே வரிதான் இருந்தது: சாப்பிட்டபின் வெந்நீருடன் விழுங்கவும்.

ஒருநாள் ஜெயநகரிலிருந்து ஒரு அம்மாள் பேசினார். மாத்திரை போட்டதிலிருந்து வயிற்றைப் பிசைகிறதாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். கத்தரிக்காய்க் கூட்டு என்றார். நான் பதில் சொல்லவில்லை. உண்மையில் அப்போது மேஜையில் கொட்டிய காபியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்தைக் கேட்டு அவரே, ஓ, கத்தரிக்காய் சேரக்கூடாதா, என் தப்புதான் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். மறுமாதம் இன்னொரு டப்பாவும் வாங்கினார்.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. மருந்தில் கோளாறு என்றால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். தங்களிடம்தான் கோளாறு என்றால் நன்றி சொல்வார்கள்.

அடுத்த அச்சில் கத்தரிக்காய் ஏறியது. பிறகு பூசணி, வேர்க்கடலை, முருங்கைக்கீரை. யாருக்கு என்ன உபாதை வந்ததோ, அவர் கடைசியாகத் தின்றது தாளில் ஏறியது. 'உணவோடு பாதுகாப்பாகச் சேர்க்கும் முறை' என்று தலைப்புக் கொடுத்தேன். விற்பனை கூடிற்று. இத்தனை பத்தியம் கேட்கிற மருந்து லேசுப்பட்டதாக இருக்காது என்று நினைத்தார்கள் போலும். தயிரைச் சேர்த்ததுதான் என் உச்சம். இந்த ஊரில் தயிர் நுழையாத வீடு எது? கோவிந்தப்பா எனக்கு ஜன்னல் வைத்த தனி அறை கொடுத்தார்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் மாத்திரைக்கு அரைக்கிற வேரை வாங்கும் இடத்தை மாற்றினோம். புது வேர் மலிவு. வாசனை வேறு மாதிரி. அதற்கப்புறம் வந்த ஃபோன்கள் எல்லாம் ஒரே பாட்டுத்தான்: கண் மஞ்சள், சோறு பிடிக்கவில்லை. அது வேரின் வேலை என்று எனக்குத் தெரியும். நான் தாவரவியல் படித்தவன். போய்ச் சொன்னேன். கோவிந்தப்பா கிடங்கைப் பார்த்தபடி, "தேசிகன் அவரே, லோடு பூரா இறக்கியாச்சு. மருந்த மாத்த ஆகாது. சாப்பாட்ட மாத்துங்க" என்றார். மிரட்டவில்லை. நான் சம்மதித்தேன். அடுத்தவர்மேல் பழி போடுவது என் சுபாவம் அல்ல.

லிங்கராஜபுரத்து சரளா பேசியது அந்தச் சமயத்தில்தான். கணவர் சிரில், அச்சகத்தில் பைண்டிங் வேலை. நாளெல்லாம் நின்று நின்று முழங்கால் போனவர்.

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குது சார். டாக்டரு இந்த மாத்திரைய உடனே நிறுத்துன்றாரு. நிறுத்திடட்டா?"

நிறுத்தினால் சிரில் தேறிவிடுவார். தேறினால் எதனால் தேறினார் என்று டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். அந்த நொடியிலேயே இதை யோசித்தேன் என்பதை ஒளிக்கவில்லை.

"தயிர் சாப்பிடறாராம்மா?"

"டெய்லி சார்."

"தயிரை நிறுத்துங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க. பாதியில விட்டா காலை மடக்கவே முடியாது."

கால் விஷயம் பேசும்போது தோன்றியது.

மறுவாரம் நானே கூப்பிட்டு விசாரித்தேன். அப்படிச் செய்யச் சொல்லி எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. மஞ்சள் இன்னும் கூடியிருக்கிறது என்றார் சரளா. தயிரின் தோஷம் உடம்பில் தங்கிவிட்டது, வேளைக்கு இரண்டாகக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். நல்ல மனுஷி, சொன்னதைச் செய்கிறவர்.

கடைசியில் சிரிலுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வந்த மனைவியிடம் தயிர்சோறு கேட்டுக் கெஞ்சியிருக்கிறார். சரளா இரண்டு வாய் ஊட்டியிருக்கிறார். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் சிரில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் சரளா பஸ் மாறி பொம்மசந்திராவுக்கே வந்தார். திட்ட வருகிறார் என்று எண்ணி, வாட்ச்மேனைக் கதவருகே நிற்கச் சொன்னேன். நாற்காலி காட்டினேன், உட்காரவில்லை.

"நீங்க அவ்ளோ சொல்லியும் நான்தான் சார் குடுத்தேன். கெஞ்சினாரு, மனசு கேக்கல. என் கையாலயே கொன்னுட்டேன்."

ஒரே வார்த்தையில் அவரை விடுவித்திருக்கலாம். அந்த வார்த்தை என் நாக்கு வரை வந்தது. வெளியே லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "நடந்தது நடந்துபோச்சு. இனிமே யாருக்கும் இப்படிப் பண்ணாதீங்கம்மா" என்றேன். தலையாட்டினார். இப்போது அவர் அடுப்புப் பக்கமே போவதில்லையாம். பிள்ளைகள் காக்ஸ் டவுனில் சித்தி வீட்டில் சாப்பிடுகிறார்களாம்.

வேர் கெட்டது என்று தெரிந்தே மாத்திரையை நிறுத்தவிடாமல் செய்தது நான். சிரில் செத்தது அதனால்தான். இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கீழே இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று வாசல்வரை போன அந்த அம்மாள் திரும்பி நின்று, என்னை மன்னிப்பீர்களா என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் மன்னித்துவிட்டேன்.