எந்தக் காது?

நாத்தனார்: அண்ணி, ஒரு கேஸ் எனக்குப் புரியவே மாட்டேங்குது. சொல்லட்டுமா?

அண்ணி: என் வேலை மேசையைக் காலி பண்ணிட்டிருக்கேன்ல?

நாத்தனார்: கைதானே காலி பண்ணுது. காது சும்மாதானே இருக்கு?

அண்ணி: இந்தக் காது மெஷின் கடை வரவேற்புல உக்காந்து உக்காந்து உனக்கு வாய்தான் நீண்டுபோச்சு... சொல்லு.

நாத்தனார்: ஒரு அம்மா போன் பண்ணாங்க. அடுத்த ரூம்ல ஃப்ரிட்ஜ் ஓடறது கேக்குதாம். பக்கத்துல நிக்கற புருஷன் கூப்பிட்டா கேக்கலையாம். மெஷின் போட்டா சரியாயிடுமான்னு...

அண்ணி: வேண்டாம். மெஷின் வேண்டாம்.

நாத்தனார்: பார்க்காமலேயேவா?

அண்ணி: அவளுக்குக் காது கேக்குது. பிரிச்சு எடுக்கறதுதான் கஷ்டம். இப்ப... நம்மகிட்ட புதுசா மெஷின் வாங்கினவர் ஹோட்டலுக்குப் போயிட்டு வந்து என்ன சொல்வார்?

நாத்தனார்: தட்டு, கரண்டி, நாற்காலி எல்லாம் காதுக்குள்ள வந்து விழுதும்மான்னு கத்துவார்.

அண்ணி: அதேதான். மைக்குக்குப் பேச்சும் ஒண்ணு, கரண்டியும் ஒண்ணு. நிறைய பேருக்குத் தலைக்குள்ள ஒரு சல்லடை இருக்கு, தானா சலிச்சுடும். இவ ஒவ்வொண்ணையும் கையால பொறுக்கணும், அரிசியில கல் பொறுக்கற மாதிரி. அதுவும் நாள் முழுக்க.

நாத்தனார்: அதான் கூட்டத்துக்குப் போனா பாதியில எழுந்து வந்துடறாங்களாம். 'நான் சபைக்கு ஆகாதவ'ன்னு தன்னையே திட்டிக்கறாங்க.

அண்ணி: எதுக்குத் திட்டணும்? பாதி வரைக்கும் தாங்கினாளே, அதைச் சொல்லு அவகிட்ட.

நாத்தனார்: இன்னொண்ணு... போன மாசம் டாக்டர் ஆட்டிசம்னு சொல்லிட்டாராம். நாப்பத்திமூணு வயசுல.

அண்ணி: அந்தத் துணியை இப்படிக் குடு.

நாத்தனார்: இத்தனை வருஷம் வீணாப்போச்சேன்னு ஒரே அழுகை.

அண்ணி: வீணா? எந்தப் பொத்தான் எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லித்தராத மெஷினை இவ்வளவு வருஷம் ஓட்டியிருக்கா. கெட்டிக்காரி! இனிமே எங்க போனாலும் சுவர்ல முதுகு சாய்ச்சு உக்காரச் சொல்லு, சத்தம் முன்னாலேருந்து மட்டும்தான் வரும். காதுக்கு அடைப்பான் வெச்சுக்கட்டும். தலை நிறைஞ்சா எழுந்து வெளிய போகட்டும். யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டாம்.

நாத்தனார்: அப்ப நேத்து நம்ம கடை ஆண்டுவிழாவுல, மேடைக்குக் கூப்பிட்டதும் பின்படிக்கட்டுக்கு ஓடினாங்களே ஒருத்தங்க?

அண்ணி: அது வேற.

நாத்தனார்: எப்படி வேற?

அண்ணி: அவ மரமண்டை. எல்லாரும் கை தட்டறாங்க, ஒரு பரிசை வாங்கிக்கத் துப்பில்ல. அதான் முதலாளிகிட்ட இன்னையோட வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்.

நாத்தனார்: பரிசு எதுக்குன்னாவது ஞாபகம் இருக்கா? அந்த வாத்தியாரோட மெஷின் வீட்ல மட்டும் விசிலடிச்சுது. இங்க கொண்டுவந்தா ஊமையாயிடும். கம்பெனி ஆளுங்களே கையை விரிச்சுட்டாங்க. நீங்கதான்...

அண்ணி: ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான்.

நாத்தனார்: 'வீட்ல உங்களைக் கட்டிப்பிடிக்கறது யாரு'ன்னு கேட்டீங்க! முதலாளி மூஞ்சியைப் பார்க்கணுமே...

அண்ணி: பேத்தி கழுத்தைக் கட்டிக்கும்போது கன்னம் மெஷினை மூடுது. வெளிய கசியற சத்தம் திரும்ப மைக்குக்கே போகுது, விசிலடிக்குது. காதுக்குள்ள வைக்கற அச்சைக் கசியாம செஞ்சு குடுத்தேன்.

நாத்தனார்: ரொம்ப சாதாரணமா சொல்றீங்க. அந்த மனுஷன் விசிலுக்குப் பயந்து பிள்ளையைக் கிட்டயே சேர்க்காம இருந்தாரு. ஒவ்வொண்ணா பொறுக்கற தலையிலதான் அண்ணி அந்தக் கல் மாட்டும்.

அண்ணி: அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் பையில போடு.

நாத்தனார்: சரி, போட்டுட்டேன். இப்பத் திட்டுங்க. போன் யாரும் பண்ணலை. டாக்டர் சொன்னதை அண்ணன்தான் இன்னைக்குக் காலையில என்கிட்ட சொன்னாரு.

அண்ணி: அந்த அம்மா நான்தான்னு தெரியும்.

நாத்தனார்: தெரியுமா? எப்பலேருந்து?

அண்ணி: நீ ஃப்ரிட்ஜுன்னு சொன்னதுமே.

நாத்தனார்: அடப்பாவி அண்ணி! அதான்... யார் வந்தாலும் உங்க முதல் கேள்வி 'எந்தக் காது?' இன்னைக்கு நீங்க கேக்கவே இல்ல, எனக்கும் உறைக்கலை பாருங்க! தெரிஞ்சுமா இவ்வளவு பொறுமையா விளக்கம் சொன்னீங்க?

அண்ணி: எனக்குச் சொல்லிக்கணும்னா திட்டுதான் வருது. வேற ஒருத்தின்னா 'வாங்கம்மா, உங்க மேல தப்பு இல்ல'ன்னு வாய் தானா சொல்லுது. அந்தப் பேச்சை நானும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமேன்னு உன்னைத் தடுக்கலை. கேட்டுச்சு... நல்லாத்தான் கேட்டுச்சு. அந்த ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப மேசையில வை, முதலாளிகிட்ட நானே பேசிக்கறேன். இனிமே திட்டு வரும்போதெல்லாம் என்னையே வேற ஒருத்தியாக் கூட்டிட்டு வந்து இந்த நாற்காலியில உக்கார வெச்சு, வர்றவங்ககிட்ட பேசற மாதிரியே பேசப்போறேன்.